பெயர்தான் சுல்தான்!

குழந்தைகளே, உங்கள் வீட்டில் செஸ் பலகை இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நடுவில் ஓரிடத்தில் தேவைப்படும்.

எனக்குச் செஸ் சொல்லித் தந்தவர் என் தாத்தா. பழனி மலையில், கொடைக்கானலுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. தோட்டத்தில் வேலை நடக்காது. அப்போது தாத்தா திண்ணையில் கரிக்கட்டியால் 64 கட்டம் போடுவார். காய்கள் அவரே மரத்தில் செதுக்கியவை. யானைக்கும் குதிரைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று!

தாத்தாவின் ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். முதல் தடவை இரண்டு கட்டம் போகிற சலுகை கிடையாது. ராஜாவும் யானையும் இடம் மாற்றிக்கொள்ளும் 'கேஸ்லிங்' கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். அதுவும் அதுவரை 'செக்' வாங்காமல் இருந்தால்தான். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணி ஆகிவிடாது. எந்தக் கட்டத்தைத் தொட்டதோ, அந்தக் கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும். குதிரையின் கட்டத்தைத் தொட்டால் குதிரை!

பதினெட்டு வயதில் ஆசிரியர் பயிற்சிக்காக மலையை விட்டு இறங்கினேன். விடுதியில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஆபத்து வந்ததும் என் ராஜாவைக் குதிரை போலத் தாவ வைத்தேன். அறையே சிரித்தது. ஒரு மாதம் வரை நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் போலவே நாட்டு விதிகளில் ஆடப் பழகிய ஒருவர், இருபது வயது தாண்டிய பிறகு புது விதிகளைக் கற்றுக்கொண்டு, கடல் கடந்து லண்டனுக்குப் போனார். அங்கே அவரும் முதலில் தோற்றார். பிறகு நடந்ததுதான் கதை. அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

பெயரைப் பார்த்து ராஜா வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். சுல்தான் என்பது பட்டம் அல்ல. பெற்றோர் வைத்த பெயர், அவ்வளவுதான். பஞ்சாபில் மிட்டா டிவானா என்ற கிராமத்தில் பிறந்தவர். அந்தக் கிராமம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. பிறந்த ஆண்டு 1903 என்று இப்போது குறிக்கிறார்கள். பழைய செஸ் புத்தகங்களில் 1905 என்று இருக்கும். ஒன்பது வயதில் அப்பாவிடம் ஆட்டம் கற்றுக்கொண்டார். 21 வயதில் பஞ்சாப் மாகாணத்திலேயே அவரை வெல்ல ஆள் இல்லை.

அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான். பிரிட்டிஷ் அரசிடம் செல்வாக்கு உள்ளவர். அவருக்குச் செஸ் என்றால் உயிர். சுல்தான் கானின் ஆட்டத்தைப் பார்த்ததும் அவரைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். ஐரோப்பிய விதிகளைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1928-இல் அகில இந்தியப் போட்டி நடந்தது. சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வெற்றி, ஒன்று டிரா. தோல்வியே இல்லை!

மறு ஆண்டே சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார்.

அங்கே சுல்தான் கானுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஒரு சின்னப் போட்டி நடத்தினார்கள். முடிவில் கடைசி இடத்தை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டார்! ஏன் தெரியுமா?

நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் மெதுவாகத்தான் போகும். அதனால் இரண்டு பக்கமும் நிதானமாகக் காய்களை அடுக்கி வைத்துக்கொள்ளலாம். சண்டை பிறகுதான். ஐரோப்பிய ஆட்டத்தில் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்ததும் நடுப்பலகையில் காய்கள் மோதிவிடும். ஆகவே முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்கள் ரொம்ப முக்கியம். அவற்றை அங்குள்ளவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தார்கள். வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் பரீட்சைக்குப் போனால் எப்படி இருக்கும்? சுல்தான் கானின் நிலைமை அதுதான். ஒவ்வொரு ஆட்டத்தையும் பாதி மூழ்கிய படகிலிருந்துதான் தொடங்கினார்.

ஆனால் அவரிடம் வேறொன்று இருந்தது. ஆட்டத்தின் நடுப்பகுதி வந்துவிட்டால், அதிலும் காய்கள் குறைந்து கடைசிக் கட்டம் வந்துவிட்டால், அவரை அசைக்க முடியாது. பேசமாட்டார். முகத்தில் மகிழ்ச்சியும் தெரியாது, கவலையும் தெரியாது. எதிரே இருப்பவர்தான் நெளிவார்.

வின்டர், யேட்ஸ் என்று இரண்டு ஆங்கில வீரர்கள் அவருக்குக் கொஞ்சம் பயிற்சி தந்தார்கள். அதே 1929-இல் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி. சில வாரங்களுக்கு முன்னால் கடைசி இடத்தில் இருந்தவர் முதலிடம்! பிரிட்டனின் செஸ் சாம்பியன் ஓர் இந்தியர். நம் நாடு விடுதலை பெற இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

வெற்றியோடு ஊர் திரும்பிய சுல்தான் கான், 1930 மே மாதம் சர் உமரோடு மறுபடியும் ஐரோப்பாவுக்குப் போனார். பெல்ஜியத்தில் லீஜ் நகரில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கு நடுவே இரண்டாம் இடம். ஹாம்பர்க்கில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணிக்கு முதல் பலகையில் உட்கார்ந்தார். ஏன் இங்கிலாந்துக்கு ஆடினார் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் நாம் பிரிட்டிஷ் பிரஜைகள்தான்.

இதற்கிடையில் அவருக்கு ஓர் எதிரி முளைத்தது. குளிர்! பஞ்சாபிலும் குளிர்காலம் உண்டு. ஆனால் பகலில் வெயில் அடிக்கும். லண்டனில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி. சுல்தான் கானுக்கு மலேரியா தொல்லை வேறு. அடிக்கடி சளி, காய்ச்சல், தொண்டைப் புண். கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டே ஆட உட்கார்ந்த நாட்கள் உண்டு.

எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வரும் இடம் இது. நம் ஊர் வெயில் தாங்க முடியாமல் வெள்ளைக்காரர்கள் எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பிறகு மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உருவாக்கினார். இன்று நீங்கள் படகு விடுகிற ஏரி அதுதான். வெயில் தாங்காதவர்களுக்கு மலை இருந்தது. குளிர் தாங்காத சுல்தான் கான் லண்டனில் எங்கே போவார்?

இப்போது பலகையை எடுங்கள். 1930 டிசம்பர் கடைசி, 1931 ஜனவரி தொடக்கம். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கிறிஸ்துமஸ் போட்டி. சுல்தான் கானுக்கு எதிரே உட்கார்ந்தவர் கியூபா நாட்டின் கபாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். தோற்பது என்பதையே மறந்துபோனவர் என்று பெயர் எடுத்தவர். எட்டு ஆண்டுகள் ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காமல் இருந்தவர் அவர்!

சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள். ஆட்டம் நடுப்பகுதிக்கு வந்ததும் கபாபிளாங்காவின் இரண்டு யானைகளும் சுல்தான் கானின் பகுதிக்குள்ளேயே புகுந்துவிட்டன. அடுத்தடுத்து செக். சுல்தான் கான் தன் ராணியைக் கொடுத்தார். பதிலுக்கு இரண்டு யானைகளையும் வாங்கிக்கொண்டார்.

உங்கள் பலகையில் ஒரு பக்கம் ராணியையும், இன்னொரு பக்கம் இரண்டு யானைகளையும் வைத்துப் பாருங்கள். ராணி எட்டுத் திசையிலும் பறப்பாள். தனி ஆளாக ஓடி ஓடித் தொல்லை கொடுப்பாள். ஆனால் இரண்டு யானைகள் ஒன்றுக்கொன்று காவலாக நின்றுவிட்டால் ராணி எதையும் கவ்வ முடியாது. கபாபிளாங்காவின் ராணிக்கு அதுதான் நடந்தது. சுல்தான் கான் அவசரப்படவே இல்லை. ராஜாவைப் பத்திரமான இடத்தில் வைத்தார். யானைகளைச் சேர்த்து நிறுத்தினார். ஒவ்வொரு வழியாக அடைத்தார். தாத்தாவின் திண்ணை ஆட்டம் மாதிரி, ஒவ்வொரு கட்டமாக! கடைசியில் ராணிக்குப் போக இடமே இல்லை. 65-ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. கபாபிளாங்கா தோற்றார்.

அந்தப் போட்டியில் முதல் இடம் ஹாலந்தின் மாக்ஸ் யூவே. இவர் 1935-இல் உலக சாம்பியன் ஆனவர். இரண்டாம் இடம் கபாபிளாங்கா. மூன்றாம் இடம் சுல்தான் கான். ஐரோப்பிய விதிகளைக் கற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன! கபாபிளாங்கா பின்னாளில் இவரை ஒரு மேதை என்றே குறிப்பிட்டிருக்கிறார்.

காந்தியடிகள் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போன 1931-ஆம் ஆண்டு சுல்தான் கானுக்கு நல்ல ஆண்டு. டார்டகோவர் என்ற பெரிய வீரரோடு 12 ஆட்டங்கள் கொண்ட பந்தயத்தில் ஆறரைக்கு ஐந்தரை என்று வென்றார். பிராகா ஒலிம்பியாடில் புளோர், ரூபின்ஸ்டைன் இருவரையும் தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெகினோடு டிரா. அடுத்த ஆண்டு புளோரோடு தனிப் பந்தயம் ஆடி நூலிழையில் தோற்றார். ஆனாலும் 1932-இலும் 1933-இலும் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியன் அவர்தான். ஆக மொத்தம் மூன்று முறை.

1933-இல் ஹேஸ்டிங்ஸில் அவர் மூன்றாம் முறை பட்டம் வென்றபோது இன்னொரு அதிசயமும் நடந்தது. சர் உமரின் வீட்டில் வேலை செய்த பாத்திமா என்ற பெண், பெண்களுக்கான பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். பத்து வெற்றி, ஒரு டிரா, தோல்வி இல்லை. இரண்டு பட்டங்களும் ஒரே வீட்டுக்கு! பெண் குழந்தைகள் இந்தப் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

இனி வருவது கொஞ்சம் சங்கடமான விஷயம். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதே 1933-இல் அமெரிக்கச் செஸ் அணியை சர் உமர் லண்டன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அந்த அணியில் இருந்த ரூபன் பைன் பிற்பாடு அதைப் பற்றி எழுதினார். தங்களுக்குச் சாப்பாடு பரிமாறியவரே சுல்தான் கான்தான் என்றும், இவ்வளவு பெரிய வீரரிடம் பரிமாறிக்கொள்ளத் தங்களுக்குக் கூச்சமாக இருந்தது என்றும் எழுதினார். அதிலிருந்து சுல்தான் கான் ஒரு வேலைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டன. 2020-இல் டேனியல் கிங் என்ற இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் அவரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே வேலைக்காரர் என்ற சொல் இருந்தது.

இதை அவருடைய பேத்தி மறுத்தார். தாத்தா நிலபுலன் உள்ள, ஊரில் மதிப்பான குடும்பத்தில் பிறந்தவர்; யாருக்கும் வேலைக்காரர் அல்ல; அவருக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கவும் தெரியும் என்றார். எனக்குப் பேத்தியின் கோபம் நியாயமாகத் தெரிகிறது. விருந்தாளிக்குத் தன் கையால் பரிமாறுவது நம் பக்கத்து வழக்கம். வீட்டுக்குப் பெரியவரே சாம்பார் வாளியோடு பந்தியில் வருவதை நீங்கள் கல்யாண வீடுகளில் பார்த்ததில்லையா? ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. எப்போது கப்பல் ஏறுவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் சர் உமரின் கையில்தான் இருந்தது.

1933 டிசம்பரில் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் கூடவே திரும்பினார். அப்போது அவர் பிரிட்டிஷ் சாம்பியன். வயது முப்பது. ஒரு செஸ் வீரருக்கு அது ஆட்டம் முதிர்ந்து வரும் வயது. ஐரோப்பாவுக்கு அவர் மறுபடி போகவே இல்லை. 1935-இல் இங்கே வி.கே. காடில்கர் என்பவரோடு பத்து ஆட்டங்கள் ஆடினார். ஒன்பதில் வெற்றி, ஒன்று டிரா. கை கொஞ்சமும் துருப்பிடிக்கவில்லை பாருங்கள்! அதற்குப் பிறகு பெரிய போட்டிகளில் அவர் பெயர் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1929-இல் தொடங்கி 1933 வரை. நீங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அவருடைய ஐரோப்பிய ஆட்டம் முழுவதும் முடிந்துவிட்டது!

ஊரில் விவசாயம் பார்த்தார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். உலக சாம்பியனோடு டிரா செய்த அப்பா வீட்டிலேயே இருக்கிறாரே, பிள்ளைகள் எல்லாம் செஸ் புலிகளாக ஆகியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அவர் பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுத் தரவில்லை. வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ள வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். அவருடைய மகன் பின்னாளில் சொன்ன செய்தி இது.

நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். திறமையுள்ள எத்தனையோ பிள்ளைகள் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சிலர் தாங்களாக நிறுத்தினார்கள். சிலரை நிறுத்தினார்கள். சுல்தான் கானின் வாழ்க்கையைப் படிக்கும்போது, கப்பல் ஏறியதும் திரும்பியதும் அவர் முடிவு அல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் விட்டது மட்டும் அவரே எடுத்த முடிவு என்று எனக்குப் படுகிறது.

1947-இல் நாடு பிரிந்தது. அவருடைய கிராமம் பாகிஸ்தானுக்குள் போயிற்று. 1950-இல் உலகச் செஸ் கூட்டமைப்பான பிடே, முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் டார்டகோவர் உண்டு. ரூபின்ஸ்டைன் உண்டு. புளோரும் உண்டு. மூவரும் சுல்தான் கானிடம் தோற்றவர்கள்! அவருடைய விருந்தில் சாப்பிட்ட ரூபன் பைன்கூட உண்டு. சுல்தான் கான் பெயர் மட்டும் இல்லை. அவர் உயிரோடுதான் இருந்தார். அவர் ஆடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் கடந்த ஒரு கிராமத்தில் இருந்தார். அவர் பெயரை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதா நகரில் காலமானார்.

அதற்குள் நம் பக்கத்தில் செஸ் வேறு விதமாக வளர ஆரம்பித்திருந்தது. 1961-இல் தமிழகத்தின் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இவர்களை எல்லாம் உங்களுக்குத் தெரியும். இவர்களுக்குச் சங்கம் இருந்தது, பயிற்சியாளர்கள் இருந்தார்கள், போட்டி முடிந்ததும் வீடு திரும்பி அடுத்த போட்டிக்குப் போக முடிந்தது.

2024 பிப்ரவரியில் பிடே தலைவர் பாகிஸ்தான் சென்றிருந்தபோது, மீர் சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகப்போகிற நேரம். கபாபிளாங்காவை வென்று 93 ஆண்டுகள். பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று அந்த நாடு அவரைக் கொண்டாடியது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னைப் பையன் குகேஷ், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

பலகை இன்னும் பக்கத்தில்தானே இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியையோ தங்கையையோ எதிரே உட்கார வைத்து, ஒரே ஒரு ஆட்டம் பழைய விதிப்படி ஆடிப் பாருங்கள். சிப்பாய்க்கு ஒரு கட்டம்தான். கேஸ்லிங் கிடையாது. ராஜாவுக்கு ஒரே ஒரு தாவல். அதை எப்போது பயன்படுத்துவது என்பது உங்கள் இஷ்டம்.